ஐந்தரை மணி நேரம் டீனா ஃபே காதுக்குள் பேசினால்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆடியோபுக்கை வேகம் கூட்டிக் கேட்காதீர்கள். எனக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடும் கெட்ட பழக்கம் உண்டு, வரலாறோ பேட்டியோ எதுவானாலும் அப்படித்தான், சீக்கிரம் முடித்துவிட்டோம் என்று ஒரு அற்ப திருப்தி. அமெரிக்கக் காமெடி எழுத்தாளரும் நடிகையுமான டீனா ஃபே தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘பாஸிபேண்ட்ஸ்’ ஆடியோவையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் அரை மணி நேரம் உதடு கூட அசையவில்லை. இத்தனை பேர் கொண்டாடுகிற ஆள், இவ்வளவு மொக்கையாக இருக்கிறதே என்று மூடிவிடலாம் என்றே நினைத்தேன். அப்புறம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஈரக்கை எங்கேயோ பட்டு வேகம் பழையபடி ஒன்றுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான், அதே அத்தியாயம், அதே குரல், நான் மட்டும் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. இவருடைய காமெடியில் பாதி சொல்லில் இருக்கிறது, மீதி சொல்லாமல் விடும் இடத்தில் இருக்கிறது. 1997-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற சனிக்கிழமை இரவு நேரலைக் காமெடி டிவி நிகழ்ச்சியில் எழுத்தாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறார். எதிரே அந்த நிகழ்ச்சியை 1975-ல் தொடங்கிய லோர்ன் மைக்கேல்ஸ். அவர் பேசும்போது குறுக்கே புகுந்து வாக்கியத்தை முடித்துவிடாதே என்று ஒருவர் முன்கூட்டியே எச்சரித்து அனுப்பியிருக்கிறார். உள்ளே போய் உட்கார்ந்ததும் மைக்கேல்ஸ், ஆக நீங்கள் வந்திருக்கும் ஊர் என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்துகிறார். நிறுத்துகிறார் என்றால் நிறுத்துகிறார், அடுத்த சொல் வருவதாக இல்லை. தாங்க முடியாமல் இவர் தன் சொந்த மாநிலத்தின் பெயரைச் சொல்லி உளறுகிற அதே நொடியில் அவர் ‘சிகாகோ’ என்று முடிக்கிறார். அச்சில் படித்தால் ஒரு புன்னகையோடு தாண்டிவிடுவோம். ஆடியோவில் அந்த மௌனத்தை அவரே நடித்துக் காட்டும்போது நமக்கே வாயைத் திறந்து எதையாவது சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்த மௌனம் வெறும் மூச்சு வாங்கல்தான்.

சரி, யார் இவர் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். 1970-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியாவை ஒட்டிய அப்பர் டார்பியில் பிறந்தவர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு 1992-ல் சிகாகோ பக்கம் போனார். பிழைப்புக்கு எவன்ஸ்டன் ஒய்எம்சிஏ வரவேற்பு மேசையில் விடியற்காலை ஷிப்ட், சாயங்காலம் நடிப்பு வகுப்பு. அங்கிருந்து ‘செகண்ட் சிட்டி’ என்ற நகைச்சுவை நாடகக் குழு, அங்கிருந்து நியூயார்க். 1999-ல் சாட்டர்டே நைட் லைவின் ஹெட் ரைட்டர் ஆனார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். கவனியுங்கள், அதுவரை அவர் திரையில் முகம் காட்டுகிற ஆளே இல்லை. 2000-ல்தான் ‘வீக்கெண்ட் அப்டேட்’ என்ற பகடிச் செய்தி வாசிப்பில் ஜிம்மி ஃபாலனோடு கேமரா முன்னால் உட்கார்ந்தார். அதாவது நடிகை எழுதப் போன கதை இல்லை இது, எழுதுகிறவர் நடிக்க வந்த கதை, என்னைக் கேட்டால் ஆடியோவைக் கேட்க வேண்டிய முக்கியமான காரணமே அதுதான். தான் எழுதிய வரியை எந்த அழுத்தத்தில் சொன்னால் விழும், எந்த அழுத்தத்தில் சொன்னால் செத்துப்போகும் என்று உள்ளே இருக்கிற எழுத்தாளர் வெளியே இருக்கிற நடிகைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பது காதில் விழும். நம்மூரில் கிரேசி மோகன் தானே எழுதி தானே மேடையில் நின்று வரிகளைத் தட்டிவிடும்போது கிடைக்கிற அந்த வேகமான துல்லியம் நினைவிருக்கிறதா, இவருடையது அதற்கு நேர்மாறான நிதானம், ஆனால் கணக்கு ஒன்றுதான்.

புத்தகம் 2011 ஏப்ரலில் வந்தது, ஆடியோவை அவரே வாசித்திருக்கிறார், ஐந்தரை மணி நேரம். அடுத்த ஆண்டு கிராமி விருதுக்குப் பேச்சுப் பதிவுகள் பிரிவில் பரிந்துரை ஆனது. தோற்றது யாரிடம் தெரியுமா, தொண்ணூறு வயது பெட்டி ஒயிட்டிடம். இன்னொரு காமெடி நடிகையிடம் தோற்பதில் என்ன அவமானம்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரையும் அதட்டி வேலை வாங்குகிற பெண் பிள்ளையைக் கேலியாகக் கூப்பிடுகிற சொல் அது, ‘நாட்டாமைக்காரி’ என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை பேருக்கு முதலாளியாக இருப்பது சங்கடமாக இல்லையா என்று தன்னிடம் கேட்கிறவர்கள் டொனால்ட் ட்ரம்பிடம் போய் அதைக் கேட்பார்களா என்று ஆரம்பத்திலேயே ஒரு குத்து. 2011-ல் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், இப்போது அந்த ஜோக்குக்கு வேறு ஒரு ருசி வந்துவிட்டது.

முதல் ஒன்றரை மணி நேரத்தை நான் சுமார் என்றுதான் சொல்வேன். சின்ன வயது, பள்ளிக்கூடம், கோடைக்கால நாடக முகாம், மலையேறப் போன ஒரு காதல். நாடக முகாம் பகுதி நீளம், அதில் நல்ல மனிதர்கள் வருகிறார்கள், ஆனாலும் நீளம். அப்பா பற்றிய அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு, பார்வையாலேயே ஊரை நிறுத்தும் ஒரு மனிதரைப் பற்றி இவர் பேசும்போது குரலில் கிண்டலும் மரியாதையும் பிரிக்க முடியாமல் கலந்து வருகிறது. பாலர் வகுப்பில் படிக்கும்போது வீட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவன் முகத்தைக் கீறிவிட்டுப் போனதையும் சொல்கிறார். முகத்தில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதை வைத்து நம்மை அழவைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்தத் தழும்பைப் பற்றி எப்போது எப்படிக் கேட்கிறார்கள் என்பதை வைத்து ஆட்களை எடைபோடுவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அப்புறம் சிகாகோ வருகிறது. இங்கிருந்துதான் காசு வசூல்.

எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், ஒருத்தர் சொன்னதைப் பிடித்து இன்னொருத்தர் கட்டிக்கொண்டே போகிற இம்ப்ரவ் நாடகத்துக்கு அவர் சொல்கிற விதிகள் இந்தப் பதிவின் பிரபலமான பகுதி. எதிராளி சொன்னதை முதலில் ஒத்துக்கொள், ஒத்துக்கொண்டு அதோடு உன் பங்கையும் சேர், கேள்வியாகவே கேட்டு எதிராளி தலையில் சுமையை ஏற்றாதே, தவறு என்று எதுவும் கிடையாது, கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே போ. கேட்க எளிதாக இருக்கும். மேடையில் ஒருத்தர் வந்து “டாக்டர், என் காலில் மரம் முளைத்துவிட்டது” என்கிறார் என்று வையுங்கள். “நான் டாக்டர் இல்லையே” என்று சொன்னால் காட்சி அங்கேயே படுத்துவிடும். “எத்தனை நாளாகத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்” என்று கேட்டால் எழுந்துவிடும். (கேள்வி கேட்காதே என்றாயே என்று சண்டைக்கு வராதீர்கள், இந்தக் கேள்வி கையோடு தகவலையும் கொண்டுவருகிறது.) நிர்வாக வகுப்பு எடுப்பவர்கள் இந்த விதிகளைப் பிடித்துக்கொண்டு படுத்தும் பாடு தனி. அசலில் இவர் அதைப் பாதி கிண்டலாகத்தான் சொல்கிறார், அந்தக் கிண்டல் தொனி ஆடியோவில்தான் தெரிகிறது.

அதே சிகாகோவில் இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிற காட்சியை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிற ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு குழுவில் ஆண்கள் நாலு, பெண்கள் ரெண்டு என்பது எழுதாத சட்டம். மூன்றுக்கு மூன்று ஆக்கலாம் என்றபோது பெண்களுக்குப் போதுமான வேடம் கிடைக்காதே என்றார்களாம். காட்சிகளை எழுதுவதே இவர்கள்தான், அப்புறம் எப்படிக் கிடைக்காமல் போகும் என்பது இவர் கேள்வி. இந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு பொட்டுக் கோபம் காட்டாமல், கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற டீச்சர் மாதிரி சொல்கிறார், அதனால் நன்றாகவே உறைக்கிறது.

சாட்டர்டே நைட் லைவ் அத்தியாயங்கள்தான் என் கணக்கில் உச்சம், ஏனென்றால் இங்கே தொழில் பேசுகிறார். நம் சினிமாக்காரர்கள் டிஸ்கஷன் என்று சொல்வார்களே, ரூம் போட்டு யோசிப்பது, அதை வாரா வாரம் செய்ய வேண்டும். திங்கட்கிழமை யோசனை சொல்வது, செவ்வாய் இரவு முழுக்க விழித்து எழுதுவது, புதன்கிழமை நாற்பது காட்சிகள் வரை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரக்கப் படிப்பது, அதில் பெரும்பாலானவை அன்றே செத்துப்போகும். சனிக்கிழமை எட்டு மணிக்குப் பார்வையாளர்களோடு ஒத்திகை, அதிலும் சில சாகும். பதினொன்றரைக்கு நேரலை. தயாராகிவிட்டோம் என்பதால் நிகழ்ச்சி தொடங்குவதில்லை, மணி பதினொன்றரை ஆகிவிட்டது என்பதால் தொடங்குகிறது என்று மைக்கேல்ஸ் சொல்வாராம். எழுதுகிற வேலையில் இருக்கிற யாரையும் ஓர் உலுக்கு உலுக்குகிற பேச்சு இது, நான் அங்கே நிறுத்தி ஒருமுறை திரும்பக் கேட்டேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அந்த சானிட்டரி நாப்கின் கதை. பழைய காலத்தில் இடுப்பில் பெல்ட் கட்டி மாட்டுகிற நாப்கின்கள் உண்டு இல்லையா, அதைப் புதுசு போல விற்கிற ஒரு போலி விளம்பரத்தைப் பெண் எழுத்தாளர்கள் யோசிக்கிறார்கள், ‘கோடெக்ஸ் கிளாசிக்’ என்று பெயர். ஆண்கள் தலைமையிலான குழு வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறது. எடுப்பது கஷ்டம், எப்படிக் காட்டுவது என்கிறார்கள். பெண்களைப் பற்றிய ஜோக் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வருகிறது, அவர்களுக்கு அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்றே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். ஜீன்ஸுக்கு மேலே அந்தப் பெல்ட் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான் ஜோக் என்று விளக்கியதும் எடுத்துவிட்டார்கள், ஹிட்டும் ஆனது. பெண்கள் எழுத்தறையில் இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுவதை இந்த ஐந்து நிமிடம் செய்துவிடுகிறது. இதே பகுதியில் ஆண் எழுத்தாளர்கள் சிலர் கழிப்பறைக்குப் போகச் சோம்பல்பட்டுக் கோப்பையில் சிறுநீர் கழித்து அறையிலேயே வைத்திருந்ததையும் சொல்கிறார், சாப்பிட்டுக்கொண்டே கேட்க வேண்டாம்.

அவரே உருவாக்கி நடித்த ‘30 ராக்’ டிவி தொடர் பற்றிய அத்தியாயமும் அந்த மாதிரிதான். 2006 அக்டோபரில் அந்தத் தொடர் தொடங்கியபோது அதே என்பிசி சானலில், அதே கதைக்களத்தில், ஒரு காமெடி நிகழ்ச்சியின் திரைமறைவைப் பற்றி பிரபல திரைக்கதாசிரியர் ஆரன் சோர்கின் எழுதிய இன்னொரு தொடரும் சில வாரம் முன்பே தொடங்கியிருந்தது. எல்லோரும் அதுதான் ஓடும் என்றார்கள். அது ஒரு சீசனோடு போய்விட்டது, இது ஏழு சீசன், 138 எபிசோடுகள், 2013 ஜனவரி வரை. 2007, 2008, 2009 என்று மூன்று வருடம் தொடர்ந்து சிறந்த காமெடித் தொடருக்கான எம்மி, அமெரிக்க டிவியின் பெரிய விருது. பார்வையாளர் எண்ணிக்கை மட்டும் கடைசி வரை பரிதாபம்தான், அதை அவரே ஓட்டுகிறார். இந்த அத்தியாயத்தில் அவர் செய்கிற ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது, தன்னோடு எழுதியவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அவரவர் எழுதிய நல்ல ஜோக்குகளை எடுத்துப் படிக்கிறார். ஹீரோ பேசினால் ஹீரோ ஜோக் ஆகிவிடுகிற உலகத்தில் இதைச் செய்ய மனசு வேண்டும். எழுத்தறையில் ஹார்வர்டிலிருந்து வந்த புத்திசாலிகளும் சிகாகோ மேடையிலிருந்து வந்தவர்களும் கலந்து இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். முதல் வகை ஜோக்கின் தர்க்கத்தைச் சரிபார்க்கும், இரண்டாம் வகை அதற்கு உயிர் கொடுக்கும். ஒரு வகை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நாம் தினமும் டிவியில் பார்க்கிறோம்.

சேரா பேலின் அத்தியாயத்துக்காகவே நிறைய பேர் இதை வாங்கியிருப்பார்கள். 2008 தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர், பார்க்க அச்சு அசல் டீனா மாதிரி. செப்டம்பர் 13 அன்று சாட்டர்டே நைட் லைவில் சக நடிகை ஏமி போலர் ஹிலாரி கிளிண்டனாக, இவர் பேலினாக. தன் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்று பேலின் சொன்னதாக இன்றும் பலர் நம்புகிற வரி உண்மையில் இந்தக் காட்சியில் இவர் சொன்னது. அடுத்த வருடம் அதற்கும் ஓர் எம்மி. இதெல்லாம் தெரிந்த கதை. தெரியாதது, அந்த ஒரே வார இறுதியில் இவர் தலையில் என்னென்ன இருந்தன என்பது. பகலில் 30 ராக்கில் ஓப்ரா வின்ஃப்ரேயோடு படப்பிடிப்பு, இரவில் பேலின், அதையொட்டி மகளின் மூன்றாவது பிறந்தநாள். மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறார், எதில் அதிகம் பதற்றம் என்று கேட்டால் பிறந்தநாள் என்றுதான் எனக்குக் கேட்டது.

இங்கே ஆடியோ மீது ஒரு புகார். அந்தப் பேலின் காட்சியின் ஒலிப்பதிவை அப்படியே நடுவில் ஓடவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காட்சியின் பாதி ஜோக் முகத்திலும் உடையிலும் இருக்கிறது, படம் இல்லாமல் ஜனங்கள் எதற்கோ கூரை பிய்கிற மாதிரி சிரிக்கிறார்கள், நாம் திருவிழாவுக்கு வெளியே நிற்கிற மாதிரி நிற்கிறோம். புகைப்படங்களும் அப்படித்தான், தனியாக ஒரு பிடிஎஃப் கோப்பில் தருகிறார்கள், நடந்துகொண்டே கேட்கிற ஆள் பிடிஎஃப்பை எங்கே திறப்பது. நான் பயன்படுத்திய செயலியோ இரண்டு முறை எங்கே விட்டேன் என்பதையே மறந்து என்னை முகாமுக்கே திருப்பி அனுப்பியது, அது பதிவின் குற்றம் இல்லை என்றாலும் அந்த முகாமை மூன்று முறை கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், நீளம்.

இன்னொரு குறை, ‘மீன் கேர்ள்ஸ்’. 2004-ல் வந்த படம், திரைக்கதை இவருடையது, ஓர் ஆசிரியையாகவும் வருவார், உலகம் முழுக்க 13 கோடி டாலர் வசூல். ரோசலிண்ட் வைஸ்மன் பெற்றோருக்காக எழுதிய ஓர் அறிவுரைப் புத்தகத்திலிருந்து எடுத்த கதை, கதையே இல்லாத புத்தகத்திலிருந்து எப்படிக் கதை பிடித்தார் என்பதைத்தான் திரைக்கதை எழுத ஆசைப்படுகிற யாரும் கேட்க விரும்புவார்கள். அந்தப் பேச்சு இங்கே இல்லை. வைஸ்மன் நடத்திய ஒரு பயிலரங்கில் போய் உட்கார்ந்த அனுபவம் மட்டும் வருகிறது. நான் பெரிய பெண் ஆகிவிட்டேன் என்று முதலில் எப்போது உணர்ந்தீர்கள் என்று அங்கே கேட்கிறார்கள், பெரும்பாலான பெண்கள் சொன்ன பதில் காரில் போன எவனோ ஒருவன் அசிங்கமாகக் கத்திய நாளைப் பற்றித்தான். அந்த ஒரு இடம் கனமாக இறங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் படத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் இல்லாதது பெரிய ஏமாற்றம், தேன்நிலவுக் கப்பல் தீப்பிடித்த கதைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

பழசாகிப்போன இடங்களும் உண்டு. வேறு பெண்களின் உடம்பை வைத்து அடிக்கிற சில ஜோக்குகள் இப்போது முகம் சுளிக்க வைக்கின்றன. அவர் எழுத்தில் இந்தப் பிரச்சினை புதிதும் இல்லை, 30 ராக்கில் வெள்ளை நடிகர்கள் கறுப்பு மை பூசி வந்த நான்கு எபிசோடுகளை 2020-ல் இவரும், அந்தத் தொடரை இவரோடு சேர்ந்து நடத்திய ராபர்ட் கார்லாக்கும் கேட்டுக்கொண்டு எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் செய்தார்கள். இந்தப் பதிவு 2011-லேயே நின்றுவிடுவதால் அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு இதில் பதில் கிடையாது. கோல்டன் குளோப் விழாவை ஏமியோடு சேர்ந்து நான்கு முறை நடத்தியது, நெட்ஃபிளிக்ஸில் கிம்மி ஷ்மிட் தொடர், 2018-ல் மீன் கேர்ள்ஸை பிராட்வே இசை நாடகமாக்கி 12 டோனி நாடக விருதுப் பரிந்துரை வாங்கி ஒன்றைக்கூட ஜெயிக்காமல் வீட்டுக்கு வந்தது, எதுவும் இல்லை. அந்தப் பன்னிரண்டுக்குப் பூஜ்யம் கதையை அவர் வாயால் கேட்க நான் தனியாகக் காசு கொடுப்பேன்.

யாருக்கு இது ஒத்துவரும்? காமெடி எழுதுகிறவர்கள், எழுத நினைக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், அவசரம் என்றால் சிகாகோவிலிருந்து ஆரம்பித்து 30 ராக் வரை கேளுங்கள், முன்னால் உள்ளதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க டிவி பக்கமே போகாதவர்கள் கொஞ்சம் திணறுவீர்கள், பெயர்கள் வந்துகொண்டே இருக்கும், யாரும் நின்று அறிமுகம் செய்துவைக்க மாட்டார்கள். யூடியூபில் இரண்டு வீக்கெண்ட் அப்டேட், ஒரு பேலின் காட்சி பார்த்துவிட்டு வந்தால் போதும். அச்சுப் புத்தகம் ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் வாங்கலாமா என்றால், நான் முதலில் புத்தகம்தான் படித்தேன், அந்த நேர்முகத் தேர்வு மௌனம் எனக்கு அதில் நினைவிலேயே நிற்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் நாற்பதை நெருங்குகிற ஒரு பெண் நடுராத்திரி கணக்குப் போடுகிறார், இன்னொரு குழந்தையா, இன்னும் கொஞ்சம் வேலையா, இரண்டுக்கும் காலக்கெடு ஒன்றாக வந்து நிற்கிறதே என்று. விடை சொல்லாமலேயே பதிவு முடிகிறது. புத்தகம் வெளியான அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டாவது மகள் பிறந்தாள், 30 ராக் அதற்கப்புறமும் இரண்டு சீசன் ஓடியது.